காணவில்லை என்று சொன்ன பெட்டி

என் மனைவியின் தம்பி ஐப்பசி மழைக்குள் காலமானார். யட்டவத்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். மணம் செய்துகொள்ளாதவர். மிளகு மூட்டைகளை ஏற்றி முடித்துவிட்டு, நெஞ்சு இறுக்குவதாகச் சொல்லி லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று வாசலில் வைப்பதற்கு ஒரு படம் தேடியபோது அவருடைய அடையாள அட்டை ஒன்றே கைக்குக் கிடைத்தது. அதைப் பெரிதாக்கி வைத்தோம். அடையாள அட்டைக்குப் படமெடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது விதி. என் மச்சினர் அந்த விதியைத் தேவைக்கு மேல் மதித்திருந்தார்.

"இது என் தம்பி இல்லீங்க," என்றாள் மனைவி. "எங்கயோ களவெடுத்து மாட்டிக்கிட்டவன் மாதிரி நிக்கிறான். கருமாதிக்கு இத வைக்க விடமாட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அடக்கத்தன்று வைக்கும் படம் அன்றோடு போய்விடும். கருமாதியன்று மாலை விழும் படமோ பிறகு சுவரில் நிரந்தரமாகத் தொங்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தகப்பனார், அவளுடைய தகப்பனார், இரண்டு தாய்மார் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையின் முடிவில், களவெடுத்து மாட்டிக்கொண்டவரைப் போன்ற ஒருவரை அவள் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கோயில் திருவிழாவுல அவன ஒரு படம் எடுத்தீங்களே," என்றாள். "தேரடியில. அத வைங்க."

அந்தப் படம் எனக்கும் நினைவிருந்தது.

தோட்டத்துக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின் நான் மாத்தளை நகரில் வசிக்கிறேன். கோயிலில் எனக்கு இரண்டு பணிகள். ஒன்று பதிகம் பாடுவது. மற்றது திருவிழாக்களைப் படமெடுப்பது. முதலாவதைச் சிறுவயது முதல் செய்துவருகிறேன். இரண்டாவதை வெளிநாட்டிலிருக்கும் மகள் கமராவும் மடிக்கணினியும் அனுப்பிய நாள் முதல் செய்துவருகிறேன். முதலாவதைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இரண்டாவதை எல்லாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

திருவிழா நாள்களில் மச்சினர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் குடை பிடிப்பார். வெயிலானாலும் மழையானாலும் கமராவின் மேல் குடை இருக்கும். குடையின் கீழ் நான் இருப்பேன். குடைக்கு வெளியே அவர் நனைந்துகொண்டோ காய்ந்துகொண்டோ இருப்பார். எந்நேரமும் என் முதுகுக்குப் பின்னால் நின்ற காரணத்தால் நான் எடுத்த படங்கள் எதிலும் அவர் இல்லை. கைப்பேசியும் பொத்தான் அழுத்துகிற பழைய வகையே வைத்திருந்தார். உறவினர் திருமணங்களில் அவர் பந்தி பரிமாறுவார். அங்கேயும் படங்களில் அவருடைய கையும் சாம்பார் வாளியும் மாத்திரம் உண்டு.

ஒரே ஒரு முறை தவறியது. சென்ற மாசித் திருவிழாவில் தேர் வளைவில் திரும்பும்போது சில்லு உருளாதபடி கொடுத்த கட்டை நழுவிற்று. குடையை என் கையில் திணித்துவிட்டு மச்சினர் ஓடினார். கட்டையைச் சரியாக இறுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துச் சத்தமிட்டார். ஒரு கையிலிருந்த குடை அவர் பக்கம் சாய்ந்திருக்க, மறு கையால் நான் அழுத்தினேன். அந்தப் படத்தில் அவர் வாய் திறந்து சிரிக்கிறார். குடையின் நிழல் முகத்தில் பாதிக்கு விழுந்திருக்கிறது. பின்னால் போன பலூன்காரரின் இளஞ்சிவப்புப் பலூனொன்று அவருடைய இடது காதிலிருந்து முளைத்ததுபோல் நிற்கிறது. நிழலை ஏற்றிப் பலூனை எடுத்துவிட்டால் சுவரில் மாட்டத்தக்க படம். ஒரு முற்பகல் வேலை என்று நினைத்தேன்.

என் படங்கள் கணினிக்குள் இல்லை. கணினியின் வயிறு சிறியது. ஆகையால் வெளியே தனியாக வயரால் இணைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்திருக்கிறேன். கடைக்காரர்கள் அதை ஹாட் என்பார்கள். நான் பெட்டி என்பேன். வெற்றிலைச் செல்லத்தில் பாதி அளவு இருக்கும். படங்களைத் திருத்துகிற மென்பொருள் கணினியில் இருக்கிறது. அது படங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. எந்தப் படம் பெட்டியில் எந்த உறையில், அதாவது ஃபோல்டரில், இருக்கிறது என்ற நினைப்பை மாத்திரம் வைத்துக்கொள்கிறது. கூடவே ஒவ்வொன்றுக்கும் நகமளவு நிழற்படம் ஒன்று.

பெட்டியை இணைத்தேன். நகமளவில் மச்சினர் சிரித்தார். பெரிதாக்கினேன். படத்தைக் காணவில்லை என்றும், அது இருந்த பெட்டி இணைக்கப்படவில்லை என்றும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. பெட்டி இணைக்கப்பட்டுத்தான் இருந்தது. அதன் நீல விளக்கு என் கண்முன்னால் எரிந்தது.

வயரைக் கழற்றி மறுபடி குத்தினேன். இப்போது படம் பெரிதாக வந்தது. நிழலை ஏற்றினேன். நெற்றியும் ஒரு கண்ணும் வெளிச்சத்துக்கு வந்தன. சேமிக்கச் சொன்னேன். எழுத முடியவில்லை என்றது. காரணம் கேட்க வழியில்லை. அடுத்து, இந்தப் பெட்டியில் பழுது இருக்கலாம், சோதிக்கட்டுமா என்று கணினி தானாகக் கேட்டது. ஆம் என்றேன். சோதிப்பதற்குப் பெட்டியைக் காணவில்லை என்றது.

முடி தேடி ஒருவர் பறந்ததையும் அடி தேடி ஒருவர் அகழ்ந்ததையும் இருவரும் காணாமல் திரும்பியதையும் ஆயுள் முழுவதும் பாடிவருகிறவன் நான். தேடுகிறவருக்கு அகப்படாமல் பக்கத்திலேயே நிற்கும் பொருளைப் பற்றிய செய்தி எனக்குப் புதிதன்று. அந்தச் செய்தியை ஒரு கணினி சொல்லும்போது பக்தி உண்டாகவில்லை.

"என்ன சொல்லுது?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"காணோம்னு சொல்லுது."

"எங்க போவான்? அங்கதான் நிப்பான். நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

பார்க்கச் சொன்னேன். மறுபடியும் காணவில்லை என்றது.

மறுநாள் இணையத்தில் தேடிப் படித்தேன். இவ்வகைக் கோளாறுக்குப் பல காரணங்கள் சொல்லியிருந்தார்கள். உறைகளின் பெயர் ஆங்கில எழுத்தல்லாத வேறு எழுத்தில் இருந்தால் சில மென்பொருள்கள் தடுமாறும் என்பது அவற்றில் ஒன்று. அதைப் படித்ததும் எனக்கு உறுத்தியது. சாமிக்கொன்று, திருவிழாவுக்கொன்று என்று வைத்திருக்கும் என் உறைகள் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர். அதற்கும் மேலாக, ஒவ்வொரு பெயரின் முன்னாலும் பிள்ளையார் சுழி ஒன்று உண்டு. காகிதத்தில் எதை எழுதத் தொடங்கினாலும் தலைப்பில் அதை இடுகிறவன், கணினியில் எழுதும்போது மட்டும் விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

விநாயகரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். பெட்டி அப்போது ஒத்துழைத்தது. கெடுதலான காரியங்களுக்கு அது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. மாற்றி முடித்து மென்பொருளைத் திறந்தேன். அதற்குத் தெரிந்தவையெல்லாம் பழைய பெயர்கள். புதுப் பெயர்களில் எவரையும் அடையாளம் தெரியாமல், இருக்கும் உறைகள் அனைத்தின்மீதும் ஒவ்வொரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. விநாயகர்மேல் ஒன்று, அம்மன்மேல் ஒன்று, முருகனுக்கும் தேவிமாருக்கும் சேர்த்து ஒன்று, சண்டிகேசுவரர்மேல் ஒன்று. கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கூட இவ்வளவு வரிசைக்கிரமமாகச் செய்திருக்க மாட்டார்.

தேநீர் கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, சாமி மேல எல்லாம் கொக்கி மாட்டி வச்சிருக்கீங்க?"

"அது கேள்விக்குறி."

"சாமியையா கேக்குது?"

"என்னத்தான் கேக்குது."

"பதில் சொல்லுங்க அப்ப," என்று தேநீரை வைத்துவிட்டுப் போனாள்.

பழைய பெயர்களைச் சுழியோடு திரும்ப எழுதினேன். கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக அகன்றன. தெய்வங்கள் தத்தம் இடங்களுக்குத் திரும்பினர். மச்சினர் மாத்திரம் முன்போலவே வருவதும் மறைவதுமாக இருந்தார். ஒரு நாள் போயிற்று. கருமாதிக்கு ஒரு நாள் குறைந்தது. மனைவி என்னை அவசரப்படுத்தவில்லை. கூடத்துச் சுவரில் வரிசையின் முடிவில் ஆணி அடித்து வைத்திருந்தாள்.

பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நகரத்துக் கடைக்குப் போனேன். கண்டி வீதியோரம் ஒரு முஸ்லிம் நண்பரின் கடை. தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து அதே இடத்தில் வியாபாரம். பாட்டன் பாக்கு விற்றார், தகப்பன் வானொலிப் பெட்டி விற்றார், இவர் கணினி திருத்துகிறார், படம் அச்சிட்டுச் சட்டமும் போடுகிறார். என்னைவிட வயதில் மிக இளையவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வயர் பழசு ஐயா. மாத்திப் பாப்பம்."

புதிய வயரை எடுத்துக் குத்தினார். படங்கள் எல்லாம் சிறு தயக்கமுமின்றி வரிசையாக வந்து நின்றன. வீட்டில் என்னைப் படுத்திய பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது.

"பாத்தீங்களா? இவ்வளவுதான். எந்தப் படம்? நான் இங்கினயே கொப்பி பண்ணித் தாறேன்."

தேர் உறையைக் காட்டினேன். அவர் படத்தைத் தொடும் வேளையில் கண்டிக்குப் போகும் பஸ் ஒன்று கடைவாசலை உரசினாற்போல் போனது. கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது. திரை வெறுமையாயிற்று. மறுபடி குத்தினார், வரவில்லை. வேறு வயரை மாற்றினார், வந்து போயிற்று. முகம் மாறிப் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இது வயர் இல்ல ஐயா. ஹாட் போகப் போகுது. மௌத்தாகிறதுக்கு முந்தி இப்படித்தான், வந்து வந்து போகும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "கொற நெனைக்க வாணாம். மச்சினர்ட விஷயம் கேள்விப்பட்டேன். இது மிசினப் பத்திச் சென்னது."

"பரவாயில்ல தம்பி. இப்ப என்ன செய்யலாம்?"

"ஃபோமட் அடிச்சாச் சரி வரும்."

"அடிச்சா?"

"ஹாட் நல்லா ஈக்கும். புதுசு மாதிரி வேல செய்யும்."

"படங்க?"

"படம் எல்லாம் அழிஞ்சிடும்."

"தம்பி, எனக்கு ஹாட் வேணாம். படந்தான் வேணும்."

"அதத்தான் ஐயா வாற எல்லாரும் செல்றாங்க," என்றார் வருத்தத்தோடு. கொழும்புக்கு அனுப்பினால் பெட்டியைப் பிரித்துப் படங்களை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும், ஆனால் கருமாதிக்கு முன் திரும்பி வராது என்றும் சொன்னார். "எதுக்கும் நல்ல வெளிச்சமான ஐடிப் படம் ஈக்கிதானே. அதுல கொஞ்சம் சிரிப்பு வெச்சித் தரலாம். இப்ப அதுக்கெல்லாம் வழி ஈக்கி."

மச்சினருக்கு நாங்கள் சிரிப்பு வைப்பதா என்று யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதிய வயரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மனைவி கூடத்தில் உட்கார்ந்து பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"சாகப் போகுதுன்னாரு."

கத்தி நின்றது. "இதுவுமா?" என்றாள்.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேசைமேலிருந்த பெட்டியின் முன்னால் நின்றாள். கோயிலில் நேர்த்தி வைக்கிறபோது பேசுகிற அதே குரலில், "அவன் படத்த மட்டும் குடுத்துடு. அதுக்கப்புறம் நீ என்னமும் ஆகிக்க," என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடியும் பயிற்றங்காயிடம் போனாள். நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவள் என் உபகரணங்களோடு நேரடியாகப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் நீராடித் திருநீறு அணிந்து மேசைமுன் உட்கார்ந்தேன். மென்பொருளைத் திறக்கவில்லை. திருத்துவது பிறகு, முதலில் படத்தைக் கணினிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அந்தத் தேர்த் திருவிழா உறை முழுவதையும் பிரதி செய்யச் சொன்னேன். வயரின் முனையைப் பெருவிரலால் பெட்டியோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். கடையில் பஸ் அதிர்ந்தபோது அறுந்ததல்லவா, அசையாமல் பிடித்தால் என்ன என்பதுதான் யோசனை. திரையில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நீளத் தொடங்கியது.

சும்மா இருப்பதைவிடப் பாடலாம் என்று ஒரு பதிகம் தொடங்கினேன். பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விரற்கடை அளவு நகர்ந்தது. இறைவனுடைய கருணையைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கை கோட்டோடு கோடாக வளர்ந்தது. கடைசிப் பாட்டுக்கு வந்தேன். பதிகத்தின் கடைசிப் பாட்டு, பாடுகிறவர்க்குக் கிடைக்கும் பலனைச் சொல்வது. அதை முடிக்கும்போது இரு கையையும் தலைக்குமேல் குவித்து வணங்குவது என் வழக்கம். கையை என் மனம் ஏவுவதில்லை. அது தானாகவே எழும். எழுந்தது. பச்சைக் கோடு நின்றது. காணவில்லை என்றது கணினி.

மறுபடி தொடங்கினேன். வேறு பதிகம். கவனமாக இருந்தேன். கடைசிப் பாட்டில் கை மறுபடியும் எழுந்தது. மறுபடியும் காணவில்லை. பலனைச் சொல்லுகிற இடம் வந்ததும் பலன் போய்விடுவது மன உளைச்சலாக இருந்தது. ஆயினும் ஒரு விஷயம் தெளிவாயிற்று. என் பெருவிரல் அழுத்தியிருக்கும்வரை பெட்டி உயிரோடிருந்தது. விட்ட கணத்தில் போயிற்று. அதனுடைய உள்ளம் கெடவில்லை. வயர் குத்துகிற வாயில்தான் ஏதோ குறை.

மூன்றாம் முறை பாடாமலே இருந்திருக்கலாம். அல்லது கையைக் குவிக்காமல் விட்டிருக்கலாம். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே, பெட்டியையும் வயர் முனையையும் சேர்த்து இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து முதலிலேயே குவித்துக்கொண்டு பாடினேன். குவித்த கையின் விரல்நுனிகள் மூக்குக்கு நேரே இருந்தன. பெட்டி சற்றுச் சூடாகியது. அப்போது சந்தன வாசனை வந்தது.

பாட்டின் நடுவில் சந்தனம் மணப்பது எனக்கு இயல்பு. என் மார்பிலும் நெற்றியிலும் அது எப்போதும் உண்டு. சில அடிகள் பாடிய பிறகே ஒன்று நினைவுக்கு வந்தது. துக்க வீடு, மச்சினர் போன நாள் முதல் எங்கள் வீட்டில் சந்தனக்கல் நனையவில்லை. என் நெற்றியில் வெறும் திருநீறுதான். வாசனை என்னிடமிருந்து வரவில்லை.

பாட்டை நிறுத்தினேன். வயரைக் கழற்றிப் பெட்டியின் வாயைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பத்திரிகை படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் பூத்த காரை ஒன்று இறுகிக் காய்ந்திருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. சந்தனம், அதன்மேல் குங்குமம். முறை தவறாத பொட்டு.

நவராத்திரியின் முடிவில் சரசுவதி பூசையன்று எங்கள் வீட்டில் வேலை செய்கிற பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள் மனைவி. தையல் இயந்திரம், அம்மி, மின்சாரச் சோற்றுப் பானை, காஸ் அடுப்பு, என் கண்ணாடிக் கூடு, கமரா, மடிக்கணினி எல்லாவற்றுக்கும். இந்த ஆண்டு மச்சினரும் வந்திருந்தார். லொறிச் சாவியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். படங்கள் எல்லாம் இந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன என்று முன்னொரு நாள் அவருக்கு நான் சொல்லியிருந்தேன். அவர் அதை என் மேசையிலிருந்து எடுத்துவந்து, சரசுவதி படத்தில் சாய்த்து நிற்க வைத்தார்.

"அக்கா, இதுக்கும் வையி. மச்சானுக்கு உசுரே இதுக்குள்ளதான் இருக்கு. உனக்கு வைக்காட்டியும் இதுக்கு வைக்கோணும்."

"வாய மூடுடா," என்று சொல்லிக்கொண்டே அவள் வைத்தாள்.

நிற்கும் பொருளுக்கு நெற்றி மேலே இருக்கும். பெட்டி நின்ற நிலையில் மேலே இருந்தது வயர் குத்துகிற வாய். அவள் செய்ததில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு திருவிழா எதுவும் வராததால் பெட்டியை நான் திறக்கவில்லை. பொட்டு நிதானமாகக் காய்ந்திருக்கிறது.

வயரைக் கழற்றிவிட்டேன் என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். இரும்பு ஊசி உள்ளே இருக்கிற தகடுகளைக் கெடுக்கும் என்று தோன்றியதால், விளக்குமாற்றிலிருந்து புதிய ஈர்க்கொன்றை உருவி, நுனியைச் சீவி, பெட்டியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாகச் சுரண்டினேன். கீழே விரித்த வெள்ளைத் தாளில் சிறு துகள்களாக உதிர்ந்தது. மீதியைக் காய்ந்த பழைய பல் துலக்கியால் தட்டி எடுத்தேன். தாளில் ஒரு சிட்டிகை இருந்தது.

அதைக் குப்பைக்கூடையில் கொட்ட முடியாது. பூசையில் வைத்த சந்தனம். தாளை இரு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்குச் சென்று செம்பருத்தி மரத்தின் அடியில் தூவினேன். திரும்பும்போது மனைவி வாசற்படியில் நின்றாள்.

"என்னங்க அது?"

"தூசி. பெட்டியில இருந்திச்சு."

"தூசிய யாராச்சும் கையில ஏந்திக்கிட்டுப் போய்ச் செம்பருத்திக்குப் போடுவாங்களா?"

அவள் தாளை வாங்கினாள். மடிப்பில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள். முகர்ந்தாள். தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவன்தான் வைக்கச் சொன்னான்," என்றாள்.

"ஆமா."

"நானும் வச்சேன்."

"இப்ப சரியாயிருச்சு," என்றேன். உண்மையில் அதை நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

உள்ளே போய் வயரைக் குத்தினேன். பெருவிரலை எடுத்தேன். நீல விளக்கு எரிந்தது. மேசையைத் தட்டினேன், எரிந்தது. உறை முழுவதையும் பிரதி செய்யச் சொல்லிவிட்டு எழுந்து நின்று பதிகத்தை முதலிலிருந்து பாடினேன். கடைசிப் பாட்டில் கை தலைக்குமேல் சென்றது. பச்சைக் கோடு தன்பாட்டுக்கு வலது ஓரத்தைத் தொட்டு மறைந்தது. காணவில்லை என்று எதுவும் வரவில்லை. மனைவி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

திருத்தும் வேலையை அவள் பக்கத்தில் இருந்து மேற்பார்வை செய்தாள். குடையின் நிழலை ஏற்றினேன். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "போதும், போதும். அவன் அவ்வளவு செவப்பு இல்ல," என்றாள். குறைத்தேன். பிறகு பலூன். பலூனைத் துடைக்கச் சொன்னபோது மென்பொருள் பலூனோடு காதையும் துடைத்தது. காதைத் திரும்பக் கொண்டுவந்தேன். பலூனும் கூட வந்தது. அடுத்த முயற்சியில் காது இருந்த இடத்தில் தேர்ச் சில்லின் ஒரு துண்டு வந்து உட்கார்ந்தது.

"ஐயோ, விடுங்க," என்றாள் மனைவி. "பலூன் இருந்தா இருக்கட்டும். காதில்லாம எப்படிங்க?"

"சுவர்ல மாட்டுற படம்."

"அது தேரு. தேரடியில பலூன் இருக்காதா?" சற்றுக் கழித்துக் கேட்டாள்: "என்ன சொல்லிக் கத்துறான் இதுல?"

எனக்குத் தெரியும். "குடையக் கமராவுக்குப் புடிங்க மச்சான், எனக்கில்லன்னு கத்துனாரு."

அவள் திரையை இன்னும் நெருங்கிப் பார்த்தாள். அவளுடைய தம்பியின்மேல் யாரோ குடை பிடித்ததற்கு எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம், அவருடைய நெற்றியின் குறுக்கே மிச்சம் விட்டிருந்த அந்த மெல்லிய நிழல். அதை முழுவதும் எடுக்க வேண்டாம் என்று சொன்னாள். நானும் எடுக்கவில்லை.

நகரத்துக் கடைக்காரர் படத்தை அச்சிடும்போது பெட்டி எப்படிச் சரியானது என்று கேட்டார். சுத்தம் செய்தேன் என்றேன். "ஃபோமட் அடிக்கல்லயா?" என்றார். இல்லை என்றேன். மருந்தில்லாமல் பிழைத்த நோயாளியைப் பார்க்கும் வைத்தியரைப்போல் பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சட்டத்தை இறுக்கினார். பலூனை எடுத்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றதற்கு அவர் காரணம் கேட்கவில்லை.

கருமாதியன்று படத்தைக் கூடத்தில் பலகைமேல் வைத்தோம். தோட்டத்திலிருந்து லொறியிலேயே ஆட்கள் வந்திருந்தார்கள். மாலை போட்டார்கள். படத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் அழுதார்கள். கிரியை முடிந்து, அன்றுதான் சந்தனக்கல்லை மறுபடி நனைத்து, மனைவி கிண்ணத்தோடு வந்தாள். படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனவள் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கே பொட்டு வைப்பது என்று அதுவரை அவள் என்னிடம் கேட்டதில்லை.

"இதுல வயர் குத்துற எடம் எதுவும் இல்லையே?"

"இல்ல," என்றேன்.

நெற்றியில், குடை நிழல் விழுந்திருந்த இடத்தில் வைத்தாள்.